வெள்ளையடித்த சுவரில் நடப்பது எந்த வகை வேதிவினை?

கணக்குப்பிள்ளை:

எல்லோருக்கும் வணக்கம். கட்டுமானப் பொருள் கடை ஒன்றில் கணக்கு எழுதுகிறேன். படித்தது வணிகவியல். மகன் பத்தாம் வகுப்பு. வேதிவினைகளின் வகைகள் என்ற பாடத்தில் பள்ளியில் சிறு தேர்வு வைத்தார்கள். அதில் வந்த ஒரு கேள்வியால் இந்த வாரம் முழுவதும் வீட்டில் வாக்குவாதம். கைப்பேசியில் வாய்பாடு எழுத வரவில்லை, அதனால் பெயர்களாகவே தருகிறேன்:

கால்சியம் ஹைட்ராக்சைடு + கார்பன் டை ஆக்சைடு → கால்சியம் கார்பனேட் + நீர்

சுவருக்கு வெள்ளையடித்த பிறகு சுண்ணாம்பு இறுகிப் பளபளப்பாவது இப்படித்தானாம். இது எந்த வகை என்று கேட்டிருக்கிறார்கள். மகன் இரட்டை இடப்பெயர்ச்சி என்று எழுதினான். அதை அடித்துவிட்டு, பக்கத்தில் சேர்க்கை வினை என்று சிவப்பு மையில் எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். சேர்க்கை என்றால் விளைபொருள் ஒன்றாக அல்லவா இருக்க வேண்டும்? இங்கே கார்பனேட்டும் நீரும் தனித்தனியாக நிற்கின்றன. ஒற்றை இடப்பெயர்ச்சி என்று சொல்லத் தனிமம் எதுவும் இல்லை. எரிதலும் இல்லை, சிதைவும் இல்லை. பாடத்தில் உள்ள ஐந்து வகையில் இது எதில் சேரும்?

கூடவே இன்னொன்று. மக்னீசியம் நாடா எரிவதைச் சேர்க்கையிலும் போட்டிருக்கிறார்கள், எரிதலிலும் போட்டிருக்கிறார்கள். ஒரே செலவை நான் இரண்டு தலைப்பில் எழுதினால் முதலாளி சும்மா விடமாட்டார். வேதியியலில் மட்டும் அது எப்படிச் செல்லும்?

மாலைவகுப்பு:

அம்மா, நான் பத்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு மாலையில் பாடம் எடுப்பவன். தேர்வுக்கு நான் சொல்லித்தரும் வழி எளிது. அம்புக்குறிக்கு வலப்பக்கம் ஒரே பொருள் இருந்தால் சேர்க்கை. இடப்பக்கம் ஒரே பொருள் இருந்தால் சிதைவு. ஒரு தனிமம் உள்ளே போய் இன்னொரு தனிமம் வெளியே வந்தால் ஒற்றை இடப்பெயர்ச்சி. இரண்டு சேர்மங்கள் போய் வேறு இரண்டு சேர்மங்கள் வந்தால் இரட்டை. ஆக்சிஜனோடு சேர்ந்து வெப்பமும் ஒளியும் கொடுத்தால் எரிதல். தேர்வில் கேட்கும் பெரும்பாலான சமன்பாடுகள் இதற்குள் அடங்கிவிடும்.

உங்கள் மகனின் சமன்பாடு நிச்சயமாகச் சேர்க்கை அல்ல. சுட்ட சுண்ணாம்பில், அதாவது கால்சியம் ஆக்சைடில், நீர் ஊற்றிக் கால்சியம் ஹைட்ராக்சைடாக நீற்றுவதுதான் சேர்க்கை. பாடத்தில் அதை ஒட்டியே வெள்ளையடிப்பதும் வருவதால் திருத்தியவர் இரண்டையும் ஒன்றாக நினைத்திருக்கலாம். போய்க் கேளுங்கள், மதிப்பெண் கிடைக்கும்.

பழையபிப்பெட்:

மேல்நிலைப் பள்ளி வேதியியல் ஆய்வகத்தில் உதவியாளராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். பாடம் நடத்தியதில்லை. கரைசல் தயாரித்து, குழாய் கழுவி, உடைந்ததற்குக் கணக்கு எழுதியிருக்கிறேன். மாலைவகுப்பு சொன்ன வழியில் குற்றமில்லை, ஆனால் அது தாளில் எழுதியதைத்தான் பிரிக்கும். கேள்வி கேட்பவர் கொஞ்சம் விவரமானவராக இருந்தால், “கார்பன் டை ஆக்சைடில் இடம் மாறிய அயனி எது, காட்டு” என்பார். பையன் விழிப்பான், ஏனென்றால் அதில் அயனியே இல்லை.

அம்மா, வகையைத் தேடுவதற்கு முன்னால் கைமாறியது என்ன என்று கேட்கச் சொல்லுங்கள். எலக்ட்ரான் கைமாறியதா? ஹைட்ரஜன் அயனி கைமாறியதா? இரண்டும் இல்லாமல், கரைசலில் திரிந்த அயனிகள் சந்தித்துக் கரையாத பொருளாகி அடியில் உட்கார்ந்துவிட்டனவா? பள்ளிப் பாடத்தில் வரும் வினைகளில் அநேகமாக எல்லாமே இந்த மூன்றில் ஒன்று, அல்லது இரண்டு சேர்ந்தது.

சுவருக்கு வருவோம். நன்றாகக் காய்ந்த சுண்ணாம்பும் காய்ந்த காற்றும் ஒன்றையொன்று ஏறெடுத்தும் பார்க்காது. ஈரம் வேண்டும். விவரம் தெரிந்த கொத்தனார் சுண்ணாம்பு வேலை முடிந்த சுவரை உடனே காயவிட மாட்டார். அந்த ஈரத்தில் கரையும் கார்பன் டை ஆக்சைடைக் கார்பானிக் அமிலம் என்று எழுதிப் பாருங்கள்:

கால்சியம் ஹைட்ராக்சைடு + கார்பானிக் அமிலம் → கால்சியம் கார்பனேட் + 2 நீர்

இடப்பக்கம் காரம், அமிலம். வலப்பக்கம் உப்பு, நீர். அமிலத்தின் ஹைட்ரஜன் அயனி ஹைட்ராக்சைடிடம் போய் நீரானது. மிச்சமிருந்த கார்பனேட் கால்சியத்தோடு சேர்ந்து கல்லானது. ஆகவே இது நடுநிலையாக்கல். கார்பனேட் கரையாது என்பதால் வீழ்படிவாக்கலும்கூட. இந்த இரண்டையும் பத்தாம் வகுப்பில் இரட்டை இடப்பெயர்ச்சியின் உட்பிரிவாகத்தான் வைத்திருக்கிறார்கள். உங்கள் மகன் எழுதியது நிற்கும். கார்பானிக் அமில வரியையும் சேர்த்து எழுதியிருந்தால் யாரும் அடித்திருக்க முடியாது.

நம்பிக்கை வரவில்லை என்றால் உங்கள் கடைச் சுண்ணாம்பில் ஒரு சிட்டிகை எடுத்துவந்து பையனையே செய்து பார்க்கச் சொல்லுங்கள். நீற்றிய சுண்ணாம்பாக இருக்க வேண்டும். சுட்ட கல்லை வீட்டில் நீற்ற வேண்டாம், அது கொதித்துத் தெறிக்கும். ஒரு போத்தல் நீரில் கலக்கி, மூடி, இரவு முழுவதும் அசையாமல் வைத்தால் மேலே தெளிநீர் நிற்கும். அதைக் கண்ணில் படாமல் பக்குவமாக வடித்துக்கொண்டு, ஒரு பங்குக்கு மூன்று பங்கு நீர் சேர்க்க வேண்டும். வேறொரு போத்தலில் சோடா மாவும் வினிகரும் போட்டு, மூடியில் துளையிட்டுக் குழாய் செருகி, வரும் வாயுவைத் தெளிநீருக்குள் விட வேண்டும்.

முதலில் குழாயின் நுனியைச் சுற்றிப் புகை போல ஒரு வெண்மை தெரியும். பிறகு மொத்தமும் பால். சுவரில் மெதுவாக நடப்பது கண்ணெதிரே சில நொடிகளில் நடக்கிறது. பெரும்பாலும் பள்ளியில் இந்த இடத்தில் “பால் போல் மாறியது” என்று குறிப்பேட்டில் எழுதிவிட்டுக் குழாயைக் கழுவக் கொடுத்துவிடுவார்கள். எனக்குப் பிடித்த பகுதி அதற்குப் பிறகுதான். வாயுவை நிறுத்தாமல் விட்டுக்கொண்டே இருந்தால் பால் மெல்லிதாகி, கலங்கல் குறைந்து, மறுபடியும் தெளிநீர் ஆகிவிடும்:

கால்சியம் கார்பனேட் + நீர் + கார்பன் டை ஆக்சைடு → கால்சியம் பைகார்பனேட்

மூன்று போய் ஒன்று வந்தது. மாலைவகுப்பின் கணக்குப்படி இது சேர்க்கை வினை. அந்தத் தெளிந்த நீரை இப்போது சூடாக்குங்கள். குமிழி கிளம்பும், மறுபடியும் வெண்மை தட்டும். ஒன்று போய் மூன்று வந்தது, சிதைவு. உங்கள் ஊர் ஆழ்துளைக் கிணற்று நீரைக் கொதிக்க வைக்கும் பாத்திரத்தின் அடியில் கல் போல் படிவது இந்தக் கடைசி வினைதான். ஆந்திராவின் போரா குகையில் கூரையிலிருந்து தொங்கும் சுண்ணாம்புக் கூம்புகளும் இதே வழியில் உண்டானவை. அங்கே சூடு கிடையாது. சொட்டும் நீரிலிருந்து வாயு தானாகப் பிரிந்து போகிறது.

வாயால் ஊதினால் பால் நிறம் வரும், ஆனால் தெளிவது கடினம். நாம் விடும் மூச்சில் கார்பன் டை ஆக்சைடு சுமார் 4 சதவீதம்தான். நீர் சேர்க்காத தெளிநீரிலும் முழுதாகத் தெளியாது. உண்டாகும் கார்பனேட் அவ்வளவும் கரைய அந்த நீர் போதாது. “பாடத்தில் உள்ளபடி வரவில்லை” என்று பிள்ளைகள் என்னிடம் கொண்டுவரும் குழாய்களில் பெரும்பாலும் கோளாறு இதுவாகத்தான் இருக்கும்.

இப்போது மக்னீசியம். சேர்க்கை என்பது எத்தனை பொருள் போய் எத்தனை வந்தது என்ற கணக்கு. எரிதல் என்பது எப்படி நடந்தது என்ற வர்ணனை. இரண்டும் இரண்டு கேள்விகளுக்கான பதில்கள், அதனால் ஒரே வினை இரண்டிலும் வரலாம். கைமாறியது என்ன என்று கேட்டால் பதில் ஒன்றே: எலக்ட்ரான். உங்கள் தொழிலில் பற்று இல்லாமல் வரவு இல்லை அல்லவா? அதேபோல மக்னீசியம் அணு ஒவ்வொன்றும் இரண்டு எலக்ட்ரானை இழக்கிறது, ஆக்சிஜன் அணு அதே இரண்டைப் பெறுகிறது. இழப்பது ஆக்சிஜனேற்றம், பெறுவது ஒடுக்கம். ஒன்றை மட்டும் எழுதிப் பேரேட்டை மூட முடியாது.

இதைக் கண்டுபிடிக்க ஒரு குறுக்கு வழி உண்டு. அம்புக்குறியின் ஒரு பக்கம் தனியாக நிற்கும் தனிமம் மறுபக்கம் சேர்மத்துக்குள் போயிருந்தால், அல்லது சேர்மத்துக்குள் இருந்தது தனியே வெளிவந்திருந்தால், எலக்ட்ரான் கைமாறியது உறுதி. ஒற்றை இடப்பெயர்ச்சி எல்லாமே இப்படித்தான். மயில்துத்தக் கரைசலில் இரும்பு ஆணியைப் போட்டால் நீலம் வெளுத்து ஆணியில் செம்பு ஏறுகிறதே, அதில் இரும்பு கொடுத்தது, தாமிர அயனி வாங்கியது. இரட்டை இடப்பெயர்ச்சியில் இந்தக் கொடுக்கல் வாங்கல் கிடையாது. சேர்க்கையும் சிதைவும் இரண்டு விதமாகவும் இருக்கும். சுட்ட சுண்ணாம்பும் நீரும் சேரும்போது அத்தனை கொதிப்பு வந்தாலும் எலக்ட்ரான் இடம் மாறுவதில்லை. ஆக்சைடு அயனி நீரிடமிருந்து ஒரு ஹைட்ரஜன் அயனியை வாங்கிக்கொள்கிறது, அவ்வளவுதான். மக்னீசியம் எரிவதும் சுண்ணாம்பு நீறுவதும் பாடத்தில் ஒரே தலைப்பின் கீழ் இருக்கின்றன. என்னைக் கேட்டால் இரண்டும் ஒன்றுக்கொன்று சம்பந்தமே இல்லாதவை.

பெயர்கள் இப்படி இருப்பதற்குக் காரணம் அவற்றின் வயது. எந்தப் பொருள் எதை வெளியேற்றும் என்று ழோஃப்ரா என்ற வேதியியலாளர் பாரிஸில் அட்டவணை போட்டது 1718இல். சுண்ணாம்புக் கல்லைச் சுட்டால் எடை குறைவதற்குக் காரணம் அதிலிருந்து வெளியேறும் ஒரு வாயு என்று ஸ்காட்லாந்தின் ஜோசப் பிளாக் எழுதியது 1756இல். 100 கிலோ சுத்தமான கல்லைச் சுட்டால் 44 கிலோ வாயுவாகப் போய்விடும், 56 கிலோ சுண்ணாம்புதான் காளவாயில் மிஞ்சும். எலக்ட்ரானை ஜே. ஜே. தாம்சன் கண்டது 1897இல். இடப்பெயர்ச்சி பற்றிய பேச்சு அதற்கு எத்தனையோ காலம் முன்பே புழங்கிவிட்டது.

தண்டவாளம்:

பிப்பெட் ஐயா, ஒரு சந்தேகம். நான் தண்டவாளம் பற்றவைக்கும் குழுவில் வேலை செய்கிறேன். இரண்டு தண்டவாளங்களுக்கு நடுவே 25 மில்லிமீட்டர் இடைவெளி விட்டு, சுற்றிலும் அச்சு கட்டி, விளிம்பெல்லாம் மணல் பூசி அடைத்து, முனைகளைச் சிவக்கச் சூடாக்குவோம். மேலே மூசையில் இரும்பு ஆக்சைடும் அலுமினியத் தூளும் கலந்த கலவை இருக்கும். தீப்பொறிக் குச்சியைச் செருகியதும் அது சீறிக்கொண்டு வெண்மையாகப் பொங்கும். பார்க்கக் கண் கூசும். சில நொடிகளில் அடங்கி, உருகிய எஃகு கீழே அச்சுக்குள் இறங்கிவிடும். அலுமினியம் ஆக்சைடு கசடாக மேலே மிதக்கும். இறுகிச் சிவப்பாக இருக்கும்போதே அதிகப்படியை வெட்டிவிட்டுப் பிறகு தேய்ப்போம்.

வெப்பம், ஒளி, ஆக்சிஜன் மூன்றும் இருக்கின்றன. அக்காள் மகள் இதை எரிதல் என்கிறாள். சரியா?

பழையபிப்பெட்:

தம்பி, மூசையை மூடிவைத்துக் காற்றே படாமல் செய்தாலும் அது சீறும். ஆக்சிஜன் காற்றிலிருந்து வரவில்லை, இரும்பு ஆக்சைடுக்குள்ளேயே இருக்கிறது. அதனால்தான் அந்த நெருப்பைப் போர்த்தி அணைக்க முடியாது. இது ஒற்றை இடப்பெயர்ச்சி. அலுமினியம் வினைதிறன் வரிசையில் இரும்புக்கு மேலே இருப்பதால் இரும்பைத் தள்ளிவிட்டு ஆக்சிஜனை எடுத்துக்கொள்கிறது. அலுமினியம் எலக்ட்ரானைக் கொடுத்தது, இரும்பு வாங்கியது. வாங்கிய இரும்பு 2000 டிகிரிக்கு மேல் சூடேறி உருகிக் கீழே இறங்கியது. அலுமினியத்துக்கும் ஆக்சிஜனுக்கும் உள்ள பிணைப்பு அவ்வளவு வலுவானது என்பதால்தான் இத்தனை வெப்பம்.

அக்காள் மகளிடம் சொல்லுங்கள்: தீயைப் பார்த்து வகை சொல்லக் கூடாது, தீக்கு ஆக்சிஜன் எங்கிருந்து வந்தது என்று பார்க்க வேண்டும். அச்சிலோ மூசையிலோ ஈரம் இருந்தால் என்ன ஆகும் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

தண்டவாளம்:

ஈரம் பட்டால் உருகிய எஃகு தெறித்து ஆளையே வேகவைத்துவிடும் ஐயா. மழை தூறினால் வேலையை நிறுத்திவிடுவோம். விளக்கத்துக்கு நன்றி.

மாலைவகுப்பு:

ஐயா சொல்வதை மறுக்கவில்லை. ஆனால் இரண்டு மதிப்பெண் கேள்விக்குப் பிள்ளைகள் எலக்ட்ரானைத் தேடிக்கொண்டிருந்தால் மணி அடித்துவிடும். என் வழியையும் விட மாட்டேன். அந்த வழி சறுக்கும் இடத்தையும் நானே சொல்லிவிடுகிறேன். சோடியம் குளோரைடும் பொட்டாசியம் நைட்ரேட்டும் கொடுத்தால் பிள்ளைகள் கண்ணை மூடிக்கொண்டு சோடியம் நைட்ரேட்டும் பொட்டாசியம் குளோரைடும் என்று எழுதி, “இரட்டை இடப்பெயர்ச்சி” என்று அடிக்கோடும் போட்டுவிடுகிறார்கள். சமன்பாடு சமன்செய்தபடி அழகாக வேறு இருக்கிறது. வினை நடக்காது என்று சொன்னால் ஏன் என்கிறார்கள்.

பழையபிப்பெட்:

நல்ல இடத்தைத் தொட்டீர்கள். இரண்டையும் நீரில் கரைத்த உடனேயே நான்கு அயனிகளும் தனித்தனியாகத்தான் திரிகின்றன. கலந்த பிறகும் அதே நான்கு அயனிகள் அப்படியே திரிகின்றன. யாரும் யாரோடும் சேரவில்லை, எதுவும் வெளியேறவில்லை. குழாயைப் பார்த்தால் தெரியும்: நிறம் மாறாது, கலங்காது, குமிழி வராது. வீழ்படிவாகவோ வாயுவாகவோ நீராகவோ ஏதோ ஒன்று அந்தக் கூட்டத்திலிருந்து விலகிப் போனால்தான் இரட்டை இடப்பெயர்ச்சி நடந்ததாக அர்த்தம். பேரியம் குளோரைடில் சோடியம் சல்பேட்டைச் சேர்த்தால் வெள்ளையாக இறங்குகிறது, ஏனென்றால் பேரியம் சல்பேட் கரையவே கரையாது.

அப்படி விலகிப் போவதும் எப்போதும் ஒரே திசையில் இருக்கும் என்று நினைக்க வேண்டாம். நெப்போலியனோடு 1798இல் எகிப்துக்குப் போனவர்களில் பெர்தொல்லே என்ற வேதியியலாளர் ஒருவர். அங்கே நேட்ரான் ஏரிகளின் கரையில் சோடியம் கார்பனேட் படிந்து கிடப்பதைப் பார்த்திருக்கிறார். ஆய்வகத்தில் சோடியம் கார்பனேட்டையும் கால்சியம் குளோரைடையும் கலந்தால் சுண்ணாம்புக் கல்லும் உப்பும்தான் வரும். அங்கே சுண்ணாம்புப் பாறை மேல் உப்புநீர் ஏராளமாக நின்றதால் வினை எதிர்ப்பக்கம் போயிருக்கிறது. எந்தப் பொருள் எவ்வளவு இருக்கிறது என்பதும் திசையை முடிவு செய்யும் என்று அவர் அதிலிருந்து வாதாடினார். மீள்வினை, சமநிலை என்று இப்போது பாடத்தின் பிற்பகுதியில் வருகிறதே, அதற்கெல்லாம் வித்து இதுதான்.

தேர்வுக்கு உங்கள் வழியே நல்லது. இரட்டை இடப்பெயர்ச்சி என்று எழுதும் முன் விலகிப் போனது எது என்று ஒரு தரம் கேட்டுக்கொள்ளச் சொல்லுங்கள், போதும்.

கணக்குப்பிள்ளை:

எல்லோருக்கும் நன்றி. கடையிலிருந்து சுண்ணாம்பு கொண்டுவந்து மகன் செய்து பார்த்தான். பால் ஆனது, விட்டுக்கொண்டே இருந்ததில் தெளிந்தும்விட்டது. பிறகு அடுப்பில் வைத்தபோது பாத்திர ஓரத்தில் வெண்மை தட்டியதைத் தடவித் தடவிப் பார்த்தான். விடைத்தாளைத் திங்கட்கிழமை எடுத்துக்கொண்டு போகிறான், கார்பானிக் அமில வரியோடு.

வாயு தயாரிக்கும்போது அவனுக்கு வந்த கேள்வி இது. சோடா மாவும் வினிகரும் சேர்ந்தால் சோடியம் அசிட்டேட், நீர், கார்பன் டை ஆக்சைடு என்று மூன்று பொருள்கள் வருகின்றனவே, இது எந்த வகை? எலுமிச்சைச் சாறு ஊற்றினாலும் அதே சமன்பாடுதானா?

பழையபிப்பெட்:

பையனுக்கு என் பாராட்டு. தாளில் ஒரே அம்புக்குறி, நடந்தது இரண்டு படி. முதலில் இரட்டை இடப்பெயர்ச்சி: சோடியம் பைகார்பனேட்டும் அசிட்டிக் அமிலமும் சேர்ந்து சோடியம் அசிட்டேட்டும் கார்பானிக் அமிலமும் ஆகின்றன. அடுத்தது சிதைவு: கார்பானிக் அமிலம் உடைந்து நீரும் வாயுவும் ஆகிறது. கைமாறியது ஹைட்ரஜன் அயனி மட்டும்தான், எலக்ட்ரான் இல்லை. போத்தலைத் தொட்டுப் பார்த்தானா? இது வெப்பத்தை உறிஞ்சும் வினை, நிறைய மாவு போட்டிருந்தால் போத்தல் குளிர்ந்திருக்கும்.

எலுமிச்சையிலும் இதே இரண்டு படிதான். சிட்ரிக் அமில மூலக்கூறு ஒன்று மூன்று ஹைட்ரஜன் அயனிகளைக் கொடுக்கும் என்பதால் சமன்செய்யும்போது சோடா மாவுக்கு முன்னால் 3 போட வேண்டும். வலப்பக்கம் நீருக்கும் வாயுவுக்கும் அதே 3.